நீ பூசிக் கொடுத்த வீரன்

அன்புள்ள ப்ரான்வின்,

உன் கழுத்து வலி தேவலையா? பல்லாரட்டில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே சுரங்க முகாமில் இன்னும் நாற்பத்தொரு டிகிரி. நான் சௌக்கியம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

நம் கிளப்பில் வர்ணம் பூசாத பொம்மை வீரனை விளையாட்டு மேசையில் வைக்க விடமாட்டார்களே, அதனால் என் இருபது பேரோடும் தினமும் மல்லுக்கட்டுகிறேன். வெயிலில் நின்று அடிப்பூச்சு ஸ்ப்ரே அடித்தேன். அது காற்றிலேயே காய்ந்து, மணல் மணலாக ஒட்டிக்கொண்டது. பக்கத்து அறை டாரல் எட்டிப் பார்த்து, "என்னப்பா, உன் பட்டாளத்துக்கே அம்மை போட்டிருக்கு?" என்றான். "ஒட்டிக்கும், தள்ளி நில்லுடா" என்றேன்.

நாலு மாதத்தில் என் கை தேறவில்லை, கண் மட்டும் தேறிவிட்டது. நன்றாக வந்ததாக நினைத்ததெல்லாம் இப்போது அசிங்கமாகத் தெரிகிறது.

முந்தாநாள் அலுத்துப்போய், மேசையில் இருந்த எல்லாரையும் வர்ணம் கழற்றும் திரவத்தில் கொட்டினேன். கோபப்படாதே. மாதிரிக்கென்று நீ பூசிக் கொடுத்தவனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தான். கண்ணில்கூட ஒரு புள்ளி வெளிச்சம் வைத்திருந்தாயே, அவன்தான். எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். எடுத்தபோது இருபத்தொரு பேரும் ஒரே சாம்பல் நிறம்.

அடுத்த பார்சலில் மெல்லிய தூரிகை ஒன்றும், அவன் அங்கிக்கு நீ பூசிய நீலமும் அனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போகும் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். எல்லாரையும் கழுவி ஜன்னலோரம் நிறுத்தியிருக்கிறேன். உன் கை பட்டவன் யாரென்று தெரியாததால், ஒருத்தன்மேலும் இன்னும் தூரிகை வைக்கவில்லை.

உன் ரோரி