துறைமுகக் காவலருக்கு ஒரு நன்றி

மச்சான்,

இன்று காலை அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஜெனீவாவில் ஏதோ கூட்டம். அரைவட்டமாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் பெயர்ப்பலகை. நம் நாட்டுப் பலகைக்குப் பின்னால் ஒரு பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்வரிசையில், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளைத்தான் பார்த்தேன். அது உன் நாற்காலி. ஆள்தான் வேறு.

"இன்னா சார், டீ ஆறிக்கினு கீது. டிவிக்குள்ள பூந்துடுவீங்க போல" என்றார் மாஸ்டர்.

"என் ஃப்ரெண்டு அங்க உக்காந்துகினு இருந்தான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். நம்பவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானே பல வருஷம் உன் வேலையை நம்பியதில்லை.

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தோம். நான் இங்கேயே ரயில்பெட்டி ஷெட்டில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். நீ டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்து, வெளியுறவுத் துறையில் நுழைந்து, ஊர் ஊராகப் போய், கடைசியில் ஜெனீவாவில் பெரியவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாய். லீவில் வரும்போதெல்லாம் நான் உன்னை ஓட்டாமல் விட்டதில்லை. ஒரு தீர்மானத்தில் ஒரே ஒரு வரிக்காக நாள்கணக்கில் பேசினோம் என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எங்க ஷெட்ல ஒரு மோட்டாரு பூட்டா, சாய்ங்காலத்துக்குள்ள மாத்திடுவோம். உங்களுக்கு இன்னா கேடு?"

"உன் ரயிலு ஒரே பக்கம் போவுது மச்சான். எனுக்கு எதிர்ல வர்றவனும் அதே தண்டவாளத்துல வர்றான். அவன் எறங்கணும், ஆனா தள்ளி உட்டேன்னு அவனுக்குத் தோணக் கூடாது."

அப்போது அது எனக்கு ஒரு நல்ல ஜோக். ஜோயல் மாட்டிக்கொள்ளும் வரை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இன்று சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. என் மகன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. முதலாளி கடனில் மூழ்கி, ஃபோனை அணைத்துவிட்டுத் தலைமறைவானான். மற்ற மாலுமிகளை ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பினார்கள். ஆனால் ஆளில்லாமல் கப்பலை விடக் கூடாது என்று அந்த ஊர்க் கோர்ட் உத்தரவு. கடைசியாக மிஞ்சியவனைக் காவலாள் என்று எழுதிவிட்டார்கள். அது ஜோயல். கரண்ட் இல்லை. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க முடியாது. ஃபோனில் சார்ஜ் இருக்கும்போது பேசுவான். பிறகு பேச்சும் குறைந்தது. "அப்பா, நான் என்னோடயே பேசிகினு கீறேன்" என்று ஒருநாள் சொன்னான். பிள்ளை உயிரோடு வந்தாலும் பழைய பிள்ளையாக வருவானா என்று பயந்தேன்.

நேராகத் திருமுல்லைவாயிலுக்கு, உன் வீட்டுக்குத்தான் வந்தேன். என் மனைவி ஸ்டெல்லாவும் கூட வந்தாள். நீ ரிட்டையர் ஆகி, வாரத்தில் பாதி நாள் பூந்தமல்லியில் டயாலிசிஸில் படுத்திருந்த காலம். நான் கத்திக்கொண்டே இருந்தேன். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"கப்பல்ல எந்த நாட்டுக் கொடி?"

கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, துறைமுகம் ஒரு நாடு, பையன் நம் நாடு. யாரைக் கேட்டாலும் அடுத்தவனைக் கை காட்டுவான் என்றாய். கைவிடப்பட்ட மாலுமிகளை வீடு சேர்க்க வேண்டும் என்று நாடுகளெல்லாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, நம் அரசு அதை ஜெனீவாவில் எழுப்பினால் மற்றவர்கள் வாய் திறந்தே ஆக வேண்டும் என்றாய். உன்னிடம் வேலை பழகிய ஒருவர் இப்போது ஜெனீவாவில் இருக்கிறார் என்று அப்போதே ஃபோன் போட்டாய். அதுவரை சரி. அதற்கடுத்து நீ சொன்னதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

"அந்தத் தொறமுகத்து நாட்டுக்கு நன்றி சொல்லி நீ ஒண்ணு எழுது. நம்மாளுங்க அதைக் கையில வெச்சிகினு பேசட்டும்."

"என் புள்ளைய புடிச்சி வெச்சிகினு கீறான். அவனுக்கு நான் நன்றி சொல்லணுமா? உனுக்கு மூள கலங்கிச்சா?"

"அவன் உட்டப்புறம் சொன்னா அது மரியாத. உடறதுக்கு முன்னாடி சொன்னா அதான் மச்சான் வேல."

நான் எழுந்தே விட்டேன். டிவிக்காரர்களைக் கூப்பிட்டு அந்த நாட்டையே கிழிக்கப் போகிறேன் என்றேன். ஸ்டெல்லாதான் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்க நன்றி எழுதுங்க. திட்டறத நான் பாத்துக்கறேன்."

நீ எப்படிச் சிரித்தாய்! இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாய். "தங்கச்சி, அங்கயும் இப்டித்தான். ஒரு நாடு திட்டும், இன்னொண்ணு தோள்ல கை போடும். ஒரே ஆளு ரெண்டையும் பண்ணாத்தான் காரியம் கெடும்."

அப்படியே வேலையைப் பிரித்துக்கொண்டோம். அம்பத்தூர் சர்ச் வாசலில் மைக்குகளுக்கு முன்னால் நின்று அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எம் புள்ள இன்னா கப்பலயா திருடிகினு பூட்டான்? கப்பல் வேணுமா, வெச்சிக்குங்க! எம் புள்ளயக் குடுங்க!"

நான் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். எதற்கு நன்றி சொல்வது? நீ பொய் எழுத விடவில்லை. "தேடு. எதாச்சும் நெஜமா இருக்கும்" என்றாய். ஜோயலைக் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: துறைமுகக் காவலர் ஒருவர், வயதானவர், வெள்ளிக்கிழமைதோறும் சின்னப் படகில் ரொட்டியும் குடிதண்ணீரும் கொண்டு வருகிறாராம். பாஷை தெரியாது. கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாராம்.

அவருக்கு எழுதினேன். எழுதும்போது அழுதேன். என் பிள்ளைக்கு யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

பிறகு நாள்கணக்கில் எந்தத் தகவலும் இல்லை. நீ டயாலிசிஸ் படுக்கையில், ஊசி குத்திய கையை அசைக்காமல் மற்ற கையால் ஜெனீவாவோடு பேசிக்கொண்டிருந்தாய். நான் காலடியில் உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஒத்துகினான் மச்சான்" என்றாய்.

நம் ஆட்கள் முதலில் கொடி நாட்டைக் கேட்டிருக்கிறார்கள். அது மழுப்பியது. பிறகு துறைமுக நாட்டின் பக்கம் திரும்பி, குற்றம் சொல்லாமல், அந்தக் காவலரைப் பற்றிப் பேசினார்கள். உங்கள் மனிதர் ஒருவர் எங்கள் பையனைக் காப்பாற்றி வருகிறார், அவன் அப்பா எழுதியிருக்கிறார் என்று. தலைகுனிய வேண்டிய இடத்தில் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். ஏற்கெனவே ஸ்டெல்லாவின் சத்தம் அவர்கள் தூதரகம் வரை போயிருந்தது. கோர்ட்டில் அவர்களே மனுப் போட்டார்கள். கப்பலுக்கு உள்ளூர் ஆளைக் காவல் வைக்கிறோம், இந்தியப் பையனை இறக்கி விடுங்கள் என்று. அந்தக் காவல் வேலைக்குப் போனது யார் தெரியுமா என்று நீ என்னைக் கேட்டாய். அதே பெரியவர்.

ஜோயல் வந்தான். தாடியும் குழி விழுந்த கண்ணுமாக வந்தான், ஆனால் என் பிள்ளையாகவே வந்தான். நேராக உன் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவன் உன் காலில் விழப் போனான். "எழுந்திரு, நான் ஃபோன்தான் பண்ணேன்" என்று அதட்டினாய்.

"எல்லார் புள்ளைக்கும் இப்டி நடக்குமா அண்ணா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். நீ பூசி மெழுகவில்லை. "நடக்காதும்மா. பாதி ஃபைலு மேசையிலயே தூங்கும். நான் தூங்க உட்டதும் கீது" என்றாய்.

அந்த வருஷத் தவக்காலத்திலேயே நீ போய்விட்டாய். உன் மகளுக்கு வெளிநாட்டிலிருந்து அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. பெட்டியை எடுக்கும்போது முன்னால் வந்து தோள் கொடுத்தவன் ஜோயல். நான் பின்னால் நடந்தேன். உன்னைக் கொண்டுபோகிறார்கள் என்ற துக்கம் ஒரு பக்கம். கொண்டுபோக என் மகன் இருக்கிறான் என்ற நிம்மதி இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நிம்மதிதான் அதிகமாக இருந்தது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

இப்போது அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறான். வந்த புதிதில் அவன் வீடு திரும்ப ஐந்து நிமிஷம் தாமதமானாலும் நான் தெருமுனையில் போய் நிற்பேன். ஃபோன் அடித்தால் ஓடிப் போய் எடுப்பேன். ஸ்டெல்லா திட்டுவாள்.

நேற்று ரயிலில் ஏதோ கோளாறு. அவன் வர நேரமாகிவிட்டது. ஃபோனும் பண்ணவில்லை. நான் சாப்பிட்டேன், கை கழுவினேன், படுத்தேன், தூங்கிவிட்டேன் மச்சான். அவன் எப்போது வந்தான் என்றே எனக்குத் தெரியாது.