மூன்றாம் கட்டத்தில் எழுதிய பெயர்

1976 ஜனவரி 12

இன்று மில்லுக்கு நாற்பதாயிரம் மூட்டை நெல் வந்தது. (நாற்பதுதான். வாசலில் நின்று எண்ணி உள்ளே விட்ட எனக்கு நாற்பதாயிரம்.)

மத்தியானம் கிராம சேவக் பாக்கியநாதன் ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். மலைஜாதியாருக்கு சர்க்கார் ஆறு மாதம் மோட்டாருக்குக் கம்பி சுற்றக் கற்றுக்கொடுக்கிறதாம். சாப்பாடு, தங்க இடம், முடிந்தால் ஒரு தொழிற்பேட்டையில் வேலை. மலைஜாதியாம்! ஆரம்பாக்கத்துப் பக்கம் மலை ஏது? எங்கள் இமயம் இந்த மில்லின் புகைபோக்கிதான்.

அக்கா பச்சையம்மா மகள் சின்னப்பொண்ணுக்காகக் கேட்டு வாங்கினேன். எட்டாவது வரை படித்தவள். எங்கள் பத்து வீட்டில் அதுவே கலெக்டர் படிப்பு. நாங்கள் பிடிக்கும் பாம்பின் தோலை வாங்குகிறவர் வந்து ஒரு வருஷமாகிறது. பிடிக்கக் கூடாதென்று சட்டமாம். இப்போது வயலில் எலி வளை தோண்டிக் காலம் போகிறது. அவளாவது வெளியே போகட்டும்.

பாரம் பூர்த்தி செய்தவன் நான். மூன்றாம் கட்டம்: ஜாதி. இருளர் என்று எழுதப் போனேன், கை நின்றது. சர்க்கார் காகிதத்தில் போய் இருட்டை எழுதுவதா? ஊரார் எங்களை வில்லி என்றும் சொல்வதுண்டு. ‘வில்லியர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

“இஸ்கூல்ல இருளர்னுதான மாமா எழுதிக்கினாங்க?” என்றாள் சின்னப்பொண்ணு.

சர்க்காரின் கண் கூச வேண்டாமா என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரி 9

பாரம் திரும்பி வந்துவிட்டது.

பாக்கியநாதன் சர்க்காரின் மலைஜாதிப் பட்டியலைக் காட்டினார். அதில் இருளர் இருக்கிறது. வில்லியர் இல்லை. “ஒயுங்கா எழுதியிருந்தா இந்நேரம் சீட்டு வந்திருக்கும், கோபாலு.” பள்ளிக்கூடத்துக் காகிதத்தைக் காட்டலாமே என்றேன். அதில் ஒரு பெயர், பாரத்தில் ஒரு பெயர், எது நிஜம் என்று ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. கேட்கிறாராம். அவர் ஜாதி சர்டிபிகேட் தர வேண்டும். மார்ச் 15-க்குப் பயிற்சி ஆரம்பம். அதற்குள்.

பிப்ரவரி 10

ஒரே ஒரு வார்த்தை. யாருடா உன்னைப் பெருமை அடிக்கச் சொன்னது?

பிப்ரவரி 18

சின்னப்பொண்ணோடு ஆபீசுக்குப் போனேன். மூன்று மணி நேரம் நின்றோம் (நிஜமாகவே மூன்று). ஆர்.ஐ. பாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“இருளர்னா பாம்பு புடிப்பீங்களே. பின்னால பொதர்தான். ஒண்ண புடிச்சிக் காட்டு, கையெழுத்து போட்டுடறேன்.”

குமாஸ்தாக்கள் அப்போதே நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள்.

“அத வுடறதுக்குத்தான் சார் ட்ரெயினிங்குக்கு எழுதிப் போட்டேன்” என்றாள் சின்னப்பொண்ணு. சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். ஆர்.ஐ. விழுந்து விழுந்து சிரித்தார்.

பாம்பைத் தொட்டால் ஜெயில் என்கிறது ஒரு சர்க்கார். தொடாவிட்டால் நீ இருளனே இல்லை என்கிறது இன்னொரு சர்க்கார். எத்தனை சர்க்காரடா இருக்கிறது இந்த நாட்டில்?

பஸ் நிற்கும் இடத்தில் என் பக்கம் திரும்பினாள். “நீயும் புடிக்கக் கூடாது மாமா. அவுங்க முன்னால வேணாம். கன்னிமார் மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

மார்ச் 2

இரண்டு முறை தனியாகப் போய் வந்தேன். ஒருமுறை ஆர்.ஐ. இல்லை. ஒருமுறை இருந்தார். “பாம்பு எங்கய்யா?” என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 8

இன்னும் ஏழு நாள். “இன்னாச்சுடா அந்தக் காயிதம்?” என்று அக்கா கேட்டாள். வருது, வருது என்றேன். சின்னப்பொண்ணு ஒன்றும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 9

பிடித்தேன். ஆபீசுக்குப் பின்னால் இருந்த புதரில். சாரைப்பாம்பு. நாலடி இருக்கும்.

கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டேன். யாரோ தாமதமாக வந்தவர் பார்க்கவில்லை என்றார். மறுபடியும் போட்டுக்கொண்டேன். ஆர்.ஐ. கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 10

சர்டிபிகேட்டை அவளிடம் கொடுத்தேன். எப்படித் தந்தார்கள் என்று கேட்டாள். மாமாவின் வாய் ஜாலத்தில் ஆபீசே மயங்கி விழுந்தது, தண்ணீர் தெளித்து எழுப்பினேன் என்றேன். என் மணிக்கட்டில் இருந்த கடியைப் பார்த்தாள். காகிதத்தை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 14

ரயிலேற்றி விட்டோம். அக்கா அழுதாள். சின்னப்பொண்ணு அக்காவிடம் மட்டும் போய்வருகிறேன் என்றாள்.

ஏப்ரல் 11

அக்கா பேருக்குக் கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே மகாவித்வான் நான்தானே! உரக்கப் படித்தேன். கம்பி சுற்ற வருகிறதாம். முதல் மோட்டார் ஓடிவிட்டதாம். மூன்று வேளையும் சோறாம். நடுவில் பொடி எழுத்தில் நாலு வரி.

“மாமா, இது உனக்கு. இங்க ஸ்டோர் கிளார்க் அன்னிக்கி அந்த ஆபீசுக்கு வந்திருந்தாராம். ஒரு ஆள் ரெண்டு தபா பாம்ப கழுத்துல போட்டுக்கினு நின்னத தெனம் சொல்லிச் சிரிக்கிறார். உன் ஊர் ஆளான்னு கேட்டார். தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

அந்த இடத்தைத் தாண்டிப் படித்தேன். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தரம் படி என்றாள். படித்தேன். அந்த இடம் வந்ததும் ஒரு இருமல் இருமிக்கொண்டேன்.

“அவ்ளோதானாடா?” என்றாள்.

அவ்வளவுதான் என்றேன்.