அடைத்த கடனை அடைக்கவில்லை என்று எழுதச் சொல்லும் நான்காம் பந்தி

அனுப்புநர்:
வைத்திலிங்கம் கோணேஸ்வரன்,
ஓய்வுபெற்ற பொதி விநியோகச் சாரதி,
மில்லிக்கன், ரொறன்ரோ.

பெறுநர்:
பொறுப்பு உத்தியோகத்தர்,
ஒப்பந்தத் தொழிலாளர் கடன் திட்டங்களுக்கான இணக்கத் தீர்வுப் பிரிவு,
வரித் திணைக்களம்.

பொருள்: 2025 நவம்பர் 28 ஆம் திகதியுடன் முடிவடையும் இணக்கத் தீர்வுத் தவணை, தீர்வுப் படிவத்தின் நான்காம் பந்திக்கு ஒப்பமிட மறுத்தல், என் பற்றுச்சீட்டுகள் போலியானவை என்ற தங்கள் கூற்றுக்கு ஆட்சேபம்.

மதிப்புக்குரிய உத்தியோகத்தர் அவர்களுக்கு,

தங்களிடமிருந்து வந்த மூன்று கடிதங்களிலும் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இலக்கமே இருந்தது. ஐயா என்று எழுதுவதா அம்மா என்று எழுதுவதா என்பதை அறியேன். ஆதலால் என் வணக்கத்தைத் தங்கள் பதவிக்குச் செலுத்துகிறேன். இம்மனுவைத் தமிழில் எழுதக் காரணம், உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் நான் தடுமாறாத மொழி இது ஒன்றே. அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதற்கான கூலியும் என் ஓய்வூதியத்திலிருந்துதான் போயிற்று என்பதைத் தாங்கள் அறிந்திருப்பது நன்று.

1. நான் திருகோணமலையிற் பிறந்தவன். வயது எழுபத்தொன்று. 2016 தொடக்கம் 2018 முடியும் வரை, மிசிசாகாவில் விமான நிலையத்தை அண்டிய ஒரு பொதி விநியோக நிறுவனத்துக்கு வான் வண்டி ஓட்டினேன். அந்த நிறுவனம் எங்களை ஊழியராக ஏற்கவில்லை. ஒப்பந்தக்காரர் என்று பெயரிட்டு, எங்கள் ஊதியத்தை மகரம் முகாமைச் சேவை என்னும் இடைநிறுவனம் ஒன்றின் ஊடாக வழங்கியது. மகரத்தின் உரிமையாளர் ராகுலன் என்பவர். அவருடைய அலுவலகம் மில்லிக்கனில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்தது.

2. சேர்ந்த அன்று ராகுலன் எனக்குத் திட்டத்தை விளக்கிய சொற்களை அவர் பேசியவாறே தருகிறேன். "அங்கிள், உங்கடை காசு ரெண்டு பங்கா வரும். சின்னப் பங்கு சம்பளம். பெரிய பங்கு கடன். கடனுக்கு ஆராவது டாக்ஸ் கட்டுறானோ?" கடனென்றால் எப்போது திருப்பித் தரவேண்டும் என்று நான் கேட்டேன். "வசதி வரேக்க பாப்பம்" என்றார். அறையில் இருந்த மற்றச் சாரதிமார் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பத்திரத்தில் கடன் என்று எழுதியிருந்தது. அதன் கீழே என் ஒப்பம் இருந்தது. வசதி வரும்போது திருப்பித் தருவது என்பதே எங்களுக்கிடையிலான உடன்படிக்கை என்று விளங்கிக்கொண்டேன். வேறு எவ்வாறு விளங்கிக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

3. மூன்று ஆண்டுகளில் இவ்வாறு நான் பெற்ற கடன் முப்பத்திரண்டாயிரம் டொலர். 2019 இல் எனக்கு முதியோர் கொடுப்பனவு கிடைத்தது. வசதி வந்துவிட்டது என்று கருதினேன். அன்றுதொட்டு மாதந்தோறும் ஐந்நூறோ எழுநூறோ எடுத்துக்கொண்டு அந்த மேல்மாடிக்குப் போனேன். முதல்முறை ராகுலன் பணத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அங்கிள், உதை ஆரும் திருப்பித் தாறேல்லை. ஆனா நீங்கள் தாறியள் எண்டால் வேண்டாமெண்டு சொல்லுறது மரியாதை இல்லை" என்றார். வாங்கி மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். நான் கேட்டுக்கொண்டபடி பற்றுச்சீட்டும் எழுதித் தந்தார். நோய்த்தொற்றுக் காலத்திலும், முகக்கவசம் அணிந்து படிக்கட்டின் அடியில் நின்ற என்னிடம், மேலிருந்து இறங்கிவந்து வாங்கிக்கொண்டார். அத்துணை மரியாதை தெரிந்தவர். 2023 இல் முழுக்கடனும் தீர்ந்தது. அடுத்த மாதமே அவர் நிறுவனத்தைக் கலைத்துவிட்டார்.

என்னோடு வான் ஓட்டிய நீக்கிலாஸ் என்பவர் இதையறிந்து, "அண்ணை, உங்களைப் போல இன்னும் ரெண்டு பேர் இருந்திருந்தால் அவன் கடையை மூடியிரான், கிளை திறந்திருப்பான்" என்றார். நகைப்புக்குரியவனாக இருப்பதை நான் பொறுத்துக்கொண்டேன். கடன் தீர்ந்த நிம்மதியில் அது பெரிதாகத் தெரியவில்லை.

4. இனித் தங்கள் கடிதங்களுக்கு வருகிறேன். முதலாவது கடிதம், நான் பெற்றது கடனல்ல, ஊதியமே என்றும், அதற்குரிய வரியையும் வட்டியையும் தண்டப்பணத்தையும் செலுத்துமாறும் கூறிற்று. நான் பணிவாகப் பதில் எழுதினேன். அது ஊதியமென்றால் நான் திருப்பிக் கொடுத்தது எது என்று கேட்டு, எல்லாப் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் அனுப்பினேன். இரண்டாவது கடிதம் என் பதிலைக் குறிப்பிடவேயில்லை. முதலாவது கடிதத்தையே திகதி மாற்றி அனுப்பியிருந்தீர்கள். மூன்றாவது கடிதம் பற்றுச்சீட்டுகளைப் பற்றிப் பேசியது. அது பேசாமலே இருந்திருக்கலாம்.

5. பற்றுச்சீட்டுகளை நிராகரிக்க அக்கடிதம் இரு காரணங்கள் சொல்கிறது. ஒன்று, நியாயபுத்தியுள்ள எவரும் இத்தகைய கடனைத் திருப்பிச் செலுத்தியிருக்க மாட்டார். அதாவது, கடனை அடைத்தேன் என்பதே நான் பொய்யன் என்பதற்குச் சான்று. ஒரு மனிதன் வாக்கைக் காப்பாற்றினான் என்பதை நம்ப முடியாத இடத்தில் அமர்ந்துகொண்டு, நாட்டு மக்களிடம் நேர்மையான வரிக்கணக்கை எந்த நம்பிக்கையில் கேட்கிறீர்கள்?

இரண்டாவது காரணம், திகதிகள். கொடுப்பனவுகள் மாதத்தின் ஒரே நாளில் விழவில்லை. ஆயினும் ஐந்து ஆண்டுகளில் ஒன்றேனும் செவ்வாய்க்கிழமையிலோ வெள்ளிக்கிழமையிலோ விழவில்லை. இது இயல்பாக நேரக்கூடியதன்று. எனவே ஒரே இருப்பில் புனைந்தெழுதப்பட்டவை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். உங்கள் கணினி இதைக் கண்டுபிடித்ததாம். அதற்கு என் பாராட்டு. எங்கள் வீட்டில் செவ்வாயிலும் வெள்ளியிலும் பணம் வெளியே போகாது. வரலாம், போகாது. என் தகப்பனார் அப்படியிருந்தார், நானும் அப்படியே இருக்கிறேன். இந்நகரில் வாழும் எங்கள் சனத்தில் பாதிப்பேரைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். தங்கள் திணைக்களத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வங்கிக் கூற்றுகளை இப்போது இணைத்திருக்கிறேன். பல மாதங்களில் வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து பணம் எடுத்திருப்பதையும், சனிக்கிழமை அதே தொகைக்கு ராகுலன் பற்றுச்சீட்டு எழுதியிருப்பதையும் தங்கள் கணினிக்குக் காட்டுங்கள். பொய் எழுத உட்காருபவன் எல்லா மாதத்துக்கும் முதலாம் திகதியைப் போட்டிருப்பான்.

6. ராகுலனிடம் விசாரித்து உறுதிசெய்ய இயலவில்லை, அவர் இருக்குமிடம் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் இப்போது வீடு விற்பனை முகவர். ஸ்டீல்ஸ் வீதியில் பேருந்துத் தரிப்பிடமொன்றில் அவருடைய சிரித்த முகமும் தொலைபேசி இலக்கமும் ஆள் உயரத்துக்கு ஒட்டப்பட்டுள்ளன. பேருந்துக்குக் காத்திருக்கும் எல்லோரும் தினமும் அவரைக் காண்கிறார்கள். எழுபத்தொரு வயதுக் கிழவனின் வீட்டிலக்கத்தை மூன்று முறை பிழையின்றிக் கண்டுபிடித்த திணைக்களத்துக்கு அந்த முகம் தென்படாதது வியப்பளிக்கிறது.

7. இப்போது தீர்வுப் படிவம். இதில் ஒப்பமிட்டு எண்ணாயிரத்து இருநூறு டொலர் செலுத்தினால் வட்டியும் தண்டப்பணமும் நீங்கும். தவறினால் அது பத்தொன்பதாயிரத்தைத் தாண்டும். என் வீட்டின் மீது உங்கள் வரிக்கடன் பதிவு ஏறும். வருகிற தை மாதத்தில் என் வீட்டு ஈட்டுக்கடனை வங்கி புதுப்பிக்க வேண்டும். வரிப்பதிவு ஏறிய வீட்டுக்குப் புதுப்பிக்க மாட்டோம் என்று வங்கி எழுத்தில் தந்திருக்கிறது. ஆகவே இந்த ஒப்பத்தின்மேல் நிற்பது என் வீடு. இதைத் தாங்கள் அறிந்தே தவணை குறித்தீர்களோ, அறியாமற் குறித்தீர்களோ, எனக்கு இரண்டும் ஒன்றே.

அந்தப் படிவத்தின் நான்காம் பந்தி கூறுவதாவது: "மேற்படி தொகை கடனென்ற பெயரில் வழங்கப்பட்டபோதிலும், அதனைத் திருப்பிச் செலுத்தும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்றும், அதில் எப்பகுதியையும் நான் திருப்பிச் செலுத்தவில்லை என்றும் சத்தியமாக உறுதியளிக்கிறேன்."

8. இப்பந்தியை நீக்கித் தருமாறு தொலைபேசியில் கேட்டேன். தங்கள் பிரிவினர் பிரதீபா என்னும் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்த்தனர். தங்கள் உத்தியோகத்தர், எல்லோருக்கும் ஒரே படிவந்தான், ஓர் எழுத்து மாறினாலும் படிவம் செல்லாது என்று கூறி, என்னைக் காத்திருக்க வைத்துவிட்டுப் போனார். அந்த இடைவெளியில் பிரதீபா தன் கடமைக்கு அப்பால் என்னோடு பேசினார். "ஐயா, நான் உதைச் சொல்லக்கூடாது. ஆனா என்ரை அப்பாவாயிருந்தால் இதைத்தான் சொல்லுவன். கண்ணை மூடிக்கொண்டு வையுங்கோ. உதை ஒருத்தரும் வாசிக்கப்போறேல்லை." அந்தப் பிள்ளையின் இரக்கத்துக்கு நன்றியுடையேன். அவரைத் தண்டிக்க இதைப் பயன்படுத்துவீர்களாயின், அது தங்கள் பதவிக்கு இழுக்கு. ஆனால் ஒருவரும் வாசிக்கப்போவதில்லை என்றால், அதை எதற்காக எழுதி ஒருவனிடம் சத்தியம் கேட்கிறீர்கள்?

நீக்கிலாஸ் கையெழுத்திட்டுவிட்டார். அவர் ஒரு சதமும் திருப்பிக் கொடுத்தவரல்லர். அவருக்கு அந்தப் பந்தி பெரும்பாலும் உண்மை. கத்தோலிக்கரான அவரும் என்னை வற்புறுத்தினார். "அண்ணை, நான் கையெழுத்து வைச்சிட்டு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனமும் செய்திட்டன். சாமியார் சின்னதா ஒரு தண்டனைதான் தந்தவர். உங்கடை பக்கத்தில அந்த வசதி இல்லை, அதுதான் பிரச்சினை" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதில் உண்மை உண்டு. அந்த வசதி எனக்கு இல்லை.

9. என்ன வசதி இல்லை என்பதை விளக்க வேண்டியிருக்கிறது, தாங்கள் நம்பாவிட்டாலும். ஸ்காபுரோவிலுள்ள எங்கள் கோயிலில் புராணபடனம் நடைபெறும்போது ஒருவர் பாட்டை இசையோடு படிப்பார். மற்றொருவர் அருகிலிருந்து அதன் பொருளை விரித்துச் சொல்வார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பொருள் சொல்லும் இடத்தில் இருப்பவன் நான். வாக்குத் தவறிய மன்னன் என்ன ஆனான் என்பதையும், பொய்ச்சாட்சி சொன்ன வாய் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சந்நிதியில் இருந்து, சபை கேட்க, சொல்லி வந்திருக்கிறேன். அடைத்த கடனை அடைக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு அதே இடத்தில் போய் அமர என்னால் முடியாது. அந்த இடத்தை விட்டு எழுந்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். எழுந்தாலும் கேட்டது கேட்டதுதான், சொன்னது சொன்னதுதான். எங்கள் பெருமான் கூட்டத்தை எண்ணி அருள்பவன் அல்லன். தனித்திருக்கையிலும் அவனுக்கு நான் தெரிவேன்.

என் மனைவி தெய்வநாயகி, விமானப் பயணிகளுக்கு உணவு பொதிசெய்யும் சமையற்கூடத்தில் முழங்கால் தேய நின்று உழைத்து இவ்வீட்டின் பாதியைக் கட்டியவர். அவரிடம் இதைச் சொன்னேன். "கடவுளுக்குப் பயப்பிடுறது சரி. கொஞ்சம் குளிருக்கும் பயப்பிடுங்கோ" என்றார். மறுநாட் காலையில் தன் சேமிப்பிலிருந்து எண்ணாயிரத்து இருநூறை என் கணக்குக்கு மாற்றிவிட்டு, "காசு நான் தாறன். பொய் சொல்லுறதோ விடுறதோ உங்கடை பாடு" என்றார். இந்த அம்மையார் குளிரில் நிற்கவேண்டி வந்தால் அதற்குக் காரணம் நானல்லேன், ராகுலனுமல்லன். மாற்ற முடியாததென்று தாங்கள் சொல்லும் ஒரு வசனம்.

10. ஆகவே நான் வேண்டுவன:

அ. நான்காம் பந்தியை என்னளவில் நீக்கித் தீர்வை ஏற்றுக்கொள்ள வேண்டும். படிவத்தின் ஏனைய பந்திகள் அனைத்திலும் ஒப்பமிட்டு இணைத்துள்ளேன். நான்காம் பந்தியின்மேல் அடிமட்டம் வைத்துக் கோடிட்டு, ஓரத்தில், "பெற்றேன், திருப்பிக் கொடுத்தேன்" என்று எழுதியுள்ளேன்.

ஆ. என் பற்றுச்சீட்டுகள் புனையப்பட்டவை என்ற கூற்றை எழுத்தில் மீளப்பெற வேண்டும்.

இ. திருப்பிக் கொடுத்த தொகையைக் கருதி வரியைக் குறைக்க வேண்டும் என்ற என் கோரிக்கை நியாயமானது. ஆயினும் முதற் கோரிக்கைக்கு அது தடையாகுமென்றால் இதைக் கைவிடுகிறேன். கையில் மிஞ்சாத பணத்துக்கும் வரி கட்டுகிறேன்.

தீர்வுத்தொகை முழுவதற்குமான காசோலை இணைக்கப்பட்டுள்ளது. இந்நாட்டின் வைத்தியசாலையில் எனக்கு இரண்டு முறை உயிர் தந்தார்கள். வரியென்று கேட்டால் நான் மறுப்பதற்கில்லை. கோடிட்ட படிவத்தை ஏற்க முடியாதென்று தாங்கள் தீர்மானித்தாலும், தயவுசெய்து காசோலையைத் திருப்பி அனுப்பவேண்டாம்; வைத்துக்கொண்டு, மிகுதிக்கு வீட்டின்மேல் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். தவணைக்கு முன்பு எனக்குத் தங்கள் பெயரிட்ட ஒரு பதில் வரவேண்டும். மறுப்பதாயினும் ஒரு மனிதர் மறுத்தார் என்று நான் அறிந்துகொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் முடிவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
வை. கோணேஸ்வரன்

இடம்: ரொறன்ரோ
திகதி: 2025 நவம்பர் 3

இணைப்பு: பற்றுச்சீட்டுகளின் மூலப் பிரதிகள், வங்கிக் கூற்றுகள், வீட்டு ஈடு பற்றிய வங்கிக் கடிதம், தீர்வுப் படிவம், காசோலை, ஆங்கில மொழிபெயர்ப்பு, பேருந்துத் தரிப்பிட விளம்பரத்தின் புகைப்படம், தொலைபேசி இலக்கம் தெளிவாகத் தெரியும்படி.