நீ நீட்டி வாசித்த பாட்டு

இன்று காலை வாலாஜாபாத் கடைத்தெருவில் கொடிக்கம்பம் நடும் தகராறில் இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். செய்தி எடுக்கப் போனேன். நொறுங்கிக் கிடந்த ட்யூப்லைட்டின் வெள்ளைப் பொடி செருப்பில் ஒட்டியது. அதை உதறும்போது உன் இடது கை நினைவுக்கு வந்தது. நீ செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

உன் வீட்டில் எல்லோருக்கும் பட்டுத்தறி, உனக்கு மட்டும் கிதார். முதல் கிதாரை உன் அப்பா தறிக்குழி விளிம்பில் அடித்து உடைத்தார். நீ அவர்மேல் கல்லை எறிந்தாய். அரக்கோணத்தில், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் வைத்திருந்த இசைத்தட்டுகளில் அமெரிக்கக் கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையைக் கேட்டுக் கேட்டு நீயே கற்றாய். பிழைப்பு என்னவோ இன்னிசைக் குழுவில் சினிமாப் பாட்டுதான். ஆனால் இடையிசை வந்துவிட்டால் மெட்டை விட்டு இறங்கிவிடுவாய். "மீட்டினா கம்பி பேசும்பா. வளைச்சாதான் கத்தும்" என்பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஐயம்பேட்டையில் திருவிழாக் கச்சேரி. அந்த ஊரில் இரண்டு நடிகர்களுக்கு ரசிகர் மன்றம். இவருக்கு ஒரு பாட்டு என்றால் அவருக்கு ஒரு பாட்டு. மேடை ஏறும் எந்தக் குழுவும் இதை மீறியதில்லை. நீயும் மீறவில்லை. ஒரு பாட்டின் நடுவே உன் ப்ளூஸுக்குள் போனவன் திரும்பி வர நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். மெட்டு மாறியதைக் கேட்ட எதிர் மன்றத்தார் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது என்றே நினைத்தார்கள்.

"இன்னாடா, அவனுக்கு மட்டும் ரெண்டு பாட்டா?"

முதலில் நாற்காலிகள் பறந்தன. பிறகு ட்யூப்லைட்டுகளைப் பிடுங்கி ஒருவர் தலையில் ஒருவர் உடைத்தார்கள். பாடகர் மேடையிலிருந்து குதித்து ஓடினார். நீ கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாய். பந்தல் சவுக்குக் கம்பை உருவிக்கொண்டு ஒருவன் மேடைக்கு ஏறினான். கிதாரைக் குறிவைத்து ஓங்கினான். நீ இடது கையைக் குறுக்கே கொடுத்தாய். எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் கேட்டது.

காவல் நிலையத்தில் அவனை உன் எதிரே நிறுத்தினார்கள்.

"இவன் இல்ல சார்" என்றாய்.

வெளியே வந்து கத்தினேன். "பைத்தியமா உனக்கு? அவன்தானேடா!"

"அவன்தான். உள்ள வெச்சிட்டாங்கன்னா அப்புறம் நான் யாரபா அடிக்கிறது?"

நீ சொன்னால் செய்வாய். அந்த வருடம் முழுக்க, ஐயம்பேட்டையிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அடிபட்டது அவனா என்றுதான் முதலில் பார்த்தேன்.

கட்டுப் பிரித்தபோது சுண்டுவிரல் மடங்கவில்லை. சைக்கிள் பம்பின் இரும்புக் குழாயில் ஒரு துண்டை அறுத்து அந்த விரலில் மாட்டினாய். கம்பிமேல் அதை இழுத்தபோது எழுந்த ஓலத்துக்குப் பக்கத்து வீட்டு நாய்கள் பதில் கொடுத்தன. "பாத்தியா, ரசிகர் மன்றம்!" என்று சிரித்தாய்.

அடுத்த வருடமும் அந்த ஊர் உன் குழுவையே கூப்பிட்டது. விழாக்காரர் மேடைக்குப் பின்னால் வந்து கெஞ்சினார்.

"அண்ணே, அந்தப் பாட்டு மட்டும் வேணாம்ணே. உங்க கால்ல உழறேன்."

"உழுந்துட்டுப் போ. அதான் மொத பாட்டு."

வாசித்தாய். போன தடவையைவிட நீட்டினாய். எதிர் மன்றத்துப் பையன்கள் எழுந்தார்கள். கம்பு ஓங்கியவனும் எழுந்து ஒரு நாற்காலியைத் தூக்கினான். நான் கேமராவைத் திறந்தேன். அவன் அந்த நாற்காலியை மேடைக்கு முன்னால் போட்டு, உனக்கு முதுகைக் காட்டி, தன் ஆட்களைப் பார்த்து உட்கார்ந்தான். நீ முடிக்கும்வரை அவன் எழவில்லை. ஒருவனும் அவனைத் தாண்டி வரவில்லை.

கச்சேரி முடிந்து இறங்கியதும் நீ நேரே போய் அவன் கன்னத்தில் அறைந்தாய். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவன் துடைக்கக்கூட இல்லை.

"இப்ப சரி. வா, டீ சாப்புடலாம்" என்றாய்.

எத்தனையோ அடிதடிகளை எழுதிவிட்டேன். யார் அடித்தது, யாருக்கு எத்தனை தையல் என்பதோடு பத்திரிகைக்கு வேலை முடிந்துவிடும். அந்த இரண்டாவது கச்சேரியைப் பார்த்தபின் எனக்கு முடிவதில்லை. அடுத்த வருடம் அதே நாளில் அந்த ஊருக்கு ஒரு நடை போய், அடித்தவனும் பட்டவனும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன். பெரும்பாலும் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் போகிறேன்.