வெளுத்த மணல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் தொட்டியும் இப்போது நலம். அது என்ன 'இப்போது' என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் உன் அம்மா பிடுங்கி, மீதியை அவளே சொல்லிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

நீ வரைந்து அனுப்பியபடியே தெருமுனையில் தொட்டியைக் கட்டினோம். ஆழ்குழாய்த் தண்ணீர் ஓட்டைத் தட்டுகள் வழியாக மழைபோலக் கொட்டும். காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருவாகி மணலில் தங்கிவிடும். ஆறு மாதம் தெருவே உன்னை மெச்சியபடி அந்தத் தண்ணீரைக் குடித்தது. நானும் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தால் மணல் முழுக்கப் பழுப்பு. என் மகள் கட்டிய தொட்டியில் கறையா? முப்பது வருடமாக லாண்டரி நடத்துகிறவன் கை சும்மா இருக்குமா? மணலை அள்ளி, துருக்கறை எடுக்கும் எலுமிச்சை உப்பில் ஊறவைத்து, ஏழு தண்ணீர் அலசி, பளிச்சென்று வெளுத்துப் போட்டேன். மறுநாளே தண்ணீர் மஞ்சளாக வந்தது. டீக்கடைக்காரர் அந்த இரும்புத் தண்ணீரில் டிகாஷனை ஊற்றியதும் டீ மையாகக் கறுத்துவிட்டது.

தெருச் சங்கத் தலைவர் கூட்டம் போட்டார். "படிச்ச பொண்ணு ஏதோ ஆசையில வரைஞ்சிட்டா, விடுங்க. இடிச்சிட்டு லாரித் தண்ணிக்கே போயிடலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் பேர் கெடுவது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மணலில் கை வைத்தது நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் குறிப்புத் தாள்களை எடுத்தேன். முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தவன் அன்றுதான் கடைசிப் பக்கம் வரை போனேன். "அப்பா, மணல் பழுப்பானா பயப்படாதீங்க. அந்தப் பழுப்புதான் அடுத்து வர்ற இரும்பைப் பிடிச்சு வைக்கும். சேறு போக அலசினா போதும். வெளுத்துடாதீங்க" என்று எழுதி, கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். அப்பனை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாய்.

கடப்பாரையோடு ஆட்கள் வந்த அன்று தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "என் பொண்ணு கணக்கு சரி. மணலை வெளுத்துக் கெடுத்தது நான். மறுபடி பழுப்பு ஏற மூணு வாரம் குடுங்க" என்றேன். "கறை எடுக்கிறவரே கறைக்கு வக்காலத்து வாங்குறாரே" என்று டீக்கடைக்காரர் சொல்ல, தெருவே சிரித்தது. சிரித்ததால்தானோ என்னவோ, தலைவர் தவணை கொடுத்தார்.

தினமும் காலையில் டீக்கடைக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு போவேன். டீ முதலில் கறுப்பு, பிறகு கொஞ்சம் குறைந்த கறுப்பு, பிறகு இன்னும் குறைந்த கறுப்பு. பத்தொன்பதாம் நாள் அவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு டீ, டீ நிறத்துல இருக்கு" என்றார். தலைவர் வந்து இரண்டு டம்ளர் குடித்தார். பக்கத்துத் தெருவுக்கும் ஒன்று வரைந்து தரும்படி உன்னிடம் கேட்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மகளே. துணி போட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சிலர் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று உன் அம்மா திட்டுகிறாள்.

இன்னொன்று. உன் வெள்ளைப் பள்ளிச் சட்டையை அந்த இரும்புத் தண்ணீரில் நான் எத்தனை முறை துவைத்தாலும் மஞ்சளாகத்தான் காயும். லாண்டரிக்காரர் மகள் சட்டையைப் பார் என்று பிள்ளைகள் கேலி செய்ததை நீ என்னிடம் சொன்னதே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். பள்ளி முடிந்ததிலிருந்து நீ வெள்ளை உடுத்தி நான் பார்க்கவில்லை.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. லீவுக்கு வரும்போது ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து வா. புதுசு வேண்டாம், நீ போட்டு அழுக்கானதே போதும். நான் துவைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா