படத்தில் இல்லாத தோணி

பழவேற்காடு,
பங்குனி மாதம்

அன்புத் தம்பி இளங்கோவனுக்கு அக்கா மணியம்மாள் ஆசியுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருந்தால் சரி.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போனில் கூப்பிட்டால் "அக்கா, ஷூட்டிங்ல கீறேன், அப்பால பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்பால இன்னும் வரவில்லை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது.

உன் படத்துக்கு ஹாலந்தில் பரிசு கொடுத்தார்களாமே. மீஞ்சூர் தேவதாஸ் அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தன் ஸ்டுடியோ வாசலில் உன் போட்டோவைப் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறார். அவரோடு கல்யாண வீடுகளுக்கு லைட் பிடிக்கப் போன பையன்தானே நீ. டச்சுக்காரன் கல்லறையைப் பார்க்க வந்த பெண்ணுக்குப் போட்டோ எடுத்துக் கொடுக்கப் போனாய். அவள் உன்னையே கட்டிக்கொண்டு தன் தேசத்துக்குக் கூட்டிப் போனாள். "செத்தவன பாக்க வந்தவ உயிரோட ஒருத்தன தூக்கினு போறாளே" என்று நைனா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அங்கே போய் ஓட்டலில் தட்டு கழுவினாய். யார் யாருக்கோ லைட் தூக்கினாய். கேமரா உன் கைக்கு வருவதற்குள் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. நைனா சாவுக்குக்கூட உன்னால் வர முடியவில்லை. அதற்கெல்லாம் நான் உன்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கஷ்டப்பட்டு மேலே வந்தவன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

போன வருஷம் வெள்ளைக்காரர்களோடு நீ வந்து இறங்கியபோதும் அந்தப் பெருமைதான். டச்சுக்காரன் இங்கே கோட்டை கட்டி ஆண்ட காலத்தைப் படமாக எடுக்கிறேன் என்றாய். ஃபைபர் படகுகளை மறைவாக நிறுத்தச் சொன்னாய். நைலான் வலை அந்தக் காலத்தில் ஏது என்று எங்கிருந்தோ ஒரு நூல் வலை கொண்டு வந்தாய். என்னைக் கட்டினவர் என்றும் பார்க்காமல் உன் மாமாவுக்குக் கோவணம் கட்டி மரத்தோணியில் ஏற்றிவிட்டாய். மச்சான் கேட்டு அவர் மாட்டேன் என்பாரா? வெட்கப்பட்டுக்கொண்டே கட்டினார். நானும் கூட நின்று கேலி செய்தேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பாடு என்றால் என்னவென்று உனக்கே நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பார். ஏரியில் இறால் விழுகிற இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் கோயிலில் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு. அடுத்தவன் பாடு நடக்கிற இடத்தில் நம் வலை நனையக் கூடாது. சோறு தின்னப் பழகும்போதே நம் வீட்டில் பழக்கிய விஷயம் இது.

அன்று காலை சகாதேவனுடைய பாடு. கரையில் உன் ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றுதான் நீ மாமாவிடம் அங்கே வலை வீசச் சொல்லிக் கேட்டாய். அவர் "இன்னா மச்சான், இது சகாதேவன் பாடு, நாளிக்கி வெச்சிக்கலாம்" என்றார். நீ விடவில்லை. "நாளிக்கி இந்த வெளிச்சம் கெடைக்காது மாமா, வல விரிஞ்சு விழட்டும் போதும், மீனு யாருக்கு வோணும்" என்று கெஞ்சினாய். சகாதேவன் தன் தோணியில் வலையோடு அங்கேயே காத்திருந்தான். அவனைப் பார்த்து நீ ஓரமாகப் போகச் சொல்லிக் கையாட்டினாய். சும்மா போஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, பாவம், அவனும் தள்ளிப் போனான்.

வெறும் வலை என்று நினைத்துத்தான் மாமா வீசினார். ஏரிக்கு உன் சினிமா தெரியுமா? வலை நிறைய இறால் வந்தது. வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். மாமா முகம் செத்துப் போனது. அத்தனை இறாலையும் கொண்டுபோய் சகாதேவன் காலடியில் வைத்தார். அவன் தொடவில்லை. அவன் மேல் தப்பே இல்லை. நம் இடத்தில் அவன் வீசியிருந்தால் நாம் மட்டும் சும்மா விட்டிருப்போமா?

நீங்கள் விமானம் ஏறிய பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெரியவர் பொன்னுரங்கம் நேராகவே கேட்டார்: "உம் மச்சான் போடச் சொன்னானா?" மாமா தலையைக் குனிந்துகொண்டு, "நானாத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டார். நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். பெண்டாட்டி புருஷனுக்காகத்தான் பேசுவாள் என்று உட்கார வைத்துவிட்டார்கள். மாமாவின் பாடு போயிற்று. வீட்டுக்கு வந்து நான் கத்தியதற்கு அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "தெரிஞ்சே சொன்னான்னு தெரிஞ்சா ஒங்க நைனா வூட்டுப் பேரையே ஊர்ல இருந்து எடுத்துடுவாங்க. அவன் எங்கியோ தூர தேசத்துல கீறான், பேராச்சும் இங்க இருக்கட்டும்."

இப்போது அவர் பஸ் ஏறி மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு மூட்டை தூக்கப் போகிறார். உப்புத் தண்ணீரில் ஊறிய உடம்புக்குச் சிமென்ட் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. இருமுகிறார். சம்பளம் வரும் நாளில்கூட அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏரிக்கரை வழியாக நடந்தால் சீக்கிரம் வந்துவிடலாம், ஆனால் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகத்தான் வருகிறார்.

தேவதாஸ் அண்ணன் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து உன் படத்தைப் போட்டுக் காட்டினார். பொய் சொல்ல மாட்டேன், அந்த வலை விரிந்து விழுகிற இடம் அழகாகத்தான் இருந்தது. எனக்கே அழுகை வந்தது. பின்னால் ஒருத்தன் இங்கிலீஷில் பேசுகிறான். இந்த மீனவர்களுக்கு எல்லையும் கிடையாது, வேலியும் கிடையாது, மனம் போன இடத்தில் வலை வீசுவார்கள் என்கிறானாம். தேவதாஸ் அண்ணன் தமிழில் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். கடைசியில் ஓடின பெயர்களில் டீ வாங்கி வந்தவன் பெயர்கூட இருந்ததாம். உன் மாமா பெயர், கோதண்டம் என்ற பெயர், இல்லை. வெளியே வந்த பிறகு மாமா, "சகாதேவன் தோணி அங்கதான நின்னுனு இருந்துச்சு, அது ஏன் படத்துல இல்ல?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? உன்னைத்தான் கேட்க வேண்டும்.

சித்திரை பிறந்ததும் எல்லம்மா கோயிலில் புதிதாகச் சீட்டுப் போடுவார்கள். இந்தத் தடவையும் அவர் பெயர் சேராவிட்டால் இனி எப்போதும் சேர்க்க மாட்டார்கள். அதற்குள் நீ வர வேண்டும். போனில் சொன்னால் எடுபடாது, எதிரே நின்று சொல்ல வேண்டும் என்கிறார் பொன்னுரங்கம். நான்தான் போடச் சொன்னேன், சகாதேவன் பாடு என்று தெரிந்தே சொன்னேன் என்று சொல். அப்படிச் சொன்னால் நைனா வீட்டுப் பேர் போகும். நம்ம ஊர் என்று நீ பேட்டி கொடுக்கிறாயே, அதற்குப் பிறகு அதுவும் முடியாது. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். நைனா பேர் போவது எனக்கும்தான் வலிக்கிறது. உனக்கு அங்கே ஒரு ஊர் இருக்கிறது. எங்களுக்கு இந்த ஏரியை விட்டால் வேறு கிடையாது.

மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வந்தால் நீயாகவே வந்த மாதிரி வா.

இன்னும் நிறையப் படம் எடு, நிறையப் பரிசு வாங்கு. உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் எல்லம்மா காக்கட்டும். நல்ல கண்தான் அது. சகாதேவன் தோணியைத் தள்ளிப் போகச் சொல்லிக் கையாட்டினபோது, அதற்கு எல்லாம் சரியாகத்தானே தெரிந்தது.

ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா
மணியம்மாள்