காஜா மட்டும்தான் பாக்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். மிஷின் மிதித்து வந்த முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்களா?

துணியை வெட்டக்கூடச் செய்யாமல், "காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்று கடைக்கு வருபவர்களை அனுப்பி வைப்பீர்களே, நான் உங்கள் மகள்தான். ஆறு மாதமாகப் பேராசிரியையிடம், "ஆய்வேட்டுல முடிவுரை மட்டும்தான் மேடம் பாக்கி" என்று சொல்லி வந்தேன். போன வாரம் அவர், "சரிம்மா, மத்ததையெல்லாம் காட்டு" என்றார். காட்ட என்ன இருக்கிறது? தலைப்பு இருந்தது.

அவர் திட்டவில்லை. தன் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, "முடியிற வரைக்கும் தினமும் இங்கதான் உக்காந்து எழுதணும்" என்று சொல்லிவிட்டார். தன் கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு மாப்பிள்ளையே வந்து, சட்டை கைக்கு வரும்வரை நம் கடை ஸ்டூலைவிட்டு எழாமல் இருந்தாரே, அன்று உங்களுக்கு ஏன் அப்படி வியர்த்தது என்று இப்போதுதான் புரிகிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும், மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்க்கிறார். ஆனாலும் அப்பா, நாள் முழுக்க எனக்கு எதிரே ஒரு ஆள் இருப்பது இங்கே வந்த பிறகு இதுதான் முதல் தடவை.

பதினோரு பக்கம் எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது தைக்கக் கொடுத்த நீலச் சட்டையை அனுப்புங்கள். இன்னும் வெட்டவில்லை என்றாலும் கோபப்பட மாட்டேன், உண்மையைச் சொல்லுங்கள். நானும் சொல்லிவிடுகிறேன்: அடுத்த மாதம் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னேனே, அதுவும் காஜா பாக்கிதான். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். "நாளைக்கு" என்பதை நம்பும்படி சொல்ல உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்